பர்ச்–முர்னகன் சமன்பாடு: பல வருடம் புழங்கிய பிறகு

கோள்களுக்குள்ளே அழுத்தமும் அடர்த்தியும் எப்படி ஏறுகின்றன என்று கணக்குப் போட, ஒரு பொருளை அழுத்தும்போது அதன் அடர்த்தியையும் அழுத்தத்தையும் இணைக்கிற மூன்றாம் படி பர்ச்–முர்னகன் சமன்பாட்டைத்தான் பல வருடமாக வைத்திருக்கிறேன். கோளை மெல்லிய ஓடுகளாகப் பிரித்து மேலிருந்து உள்ளே இறங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், அதற்குள் போகவில்லை. எரிச்சலை முதலில் சொல்லிவிடுகிறேன், அது இன்றுவரை தீரவில்லை.

அடர்த்தியைக் கொடுத்தால் இது அழுத்தத்தைச் சொல்லும். நமக்கு வேண்டியது நேர்மாறு! மேலே இருக்கும் எடையை வைத்து அழுத்தம் கையில் இருக்கிறது, அடர்த்திதான் தெரியாது. சமன்பாட்டைத் திருப்பி எழுதவும் வழியில்லை என்பதால் ஒவ்வொரு ஓட்டுக்கும் நியூட்டன்–ராப்சன் முறையை, அதாவது ஓர் ஊகத்தில் தொடங்கி வளைகோட்டின் சரிவை வைத்துத் திருத்தித் திருத்தி விடையை நெருங்கும் முறையை, ஓட்ட வேண்டும். மேல் ஓட்டின் அடர்த்தியையே ஆரம்ப ஊகமாகக் கொடுத்தால் பூமியின் கவசம் (கருவத்துக்கு மேலே இருக்கும் பாறை அடுக்கு) முழுக்க வழுக்கிக்கொண்டு போகும், சரி. 2,891 கி.மீ. ஆழத்தில் இரும்புக் கருவம் தொடங்கும்போதுதான் வினை. பாறை அங்கே கன செ.மீ.க்கு 5.57 கிராம், உயர் அழுத்தத்தில் இரும்பு எடுக்கும் அறுகோணப் படிக வடிவம் அழுத்தமே இல்லாத நிலையில்கூட 8.3. அந்த 5.57-ஐ இரும்புக்கு ஊகமாகக் கொடுத்தால், வளைகோடு அந்த இடத்தில் கிட்டத்தட்டப் படுத்துக் கிடக்கிறது, சரிவால் வகுக்கிற முறை விடையை எங்கேயோ தூக்கி எறிந்துவிடுகிறது, அதற்குக் கீழே எல்லா வரிசையும் குப்பை. பொருள் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் ஊகத்தைத் தனியாகக் கொடுத்தாக வேண்டும். வியாழனின் கானிமீடு மாதிரி பல வகைப் பனி, பாறை, இரும்பு என்று அடுக்கிய நிலாவுக்கு இது பெரிய பாடு.

ஆனால் ஆழத்தில் இது நிற்கிற நிற்பு இருக்கிறதே, அதையும் சொல்லாமல் விடக்கூடாது. 1981-ல் ஜீவோன்ஸ்கியும் ஆண்டர்சனும் நிலநடுக்க அலைகளிலிருந்து கட்டிய மாதிரியில் பூமியின் மையத்தில் அழுத்தம் 364 ஜிகாபாஸ்கல் (ஒரு ஜிகாபாஸ்கல் என்பது சுமார் பத்தாயிரம் வளிமண்டல அழுத்தம்), அடர்த்தி 13.1. சாதாரண அறை வெப்பநிலையில் தூய இரும்பை அதே அழுத்தத்தில் வைத்து இந்தச் சமன்பாட்டைப் போட்டால் 14-ஐத் தாண்டுகிறது. வெப்பத்துக்குக் கழித்தாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கும். கருவத்தில் இரும்போடு இலேசான தனிமங்கள் கலந்திருக்க வேண்டும் என்று சொல்கிற மிச்சம் அது. நம் கணினியிலேயே அது வந்து நிற்பதைப் பார்க்கும் மகிழ்ச்சி எனக்கு இன்னும் குறையவில்லை.

போன வாரம் நண்பன் ஒருவன், நம் நிலாவின் உள்ளமைப்பைக் கணக்கிட இதையே எடுத்துக்கொள்ளவா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நிலா முழுக்க ஒரே அடர்த்தி என்று வைத்தாலே மையத்தில் 4.7 ஜிகாபாஸ்கல்தான் வருகிறது. அவ்வளவு அழுத்தத்தில் ஆலிவின் என்ற பாறைக் கனிமம் மூன்றரை சதவீதம்கூடச் சுருங்காது. முர்னகன் 1944-ல் தந்த எளிய வடிவத்தில் அடர்த்தி ஒரே வரியில் வந்துவிடும், ஊகமும் வேண்டாம், சுற்றும் வேண்டாம். இரண்டும் பிரிவது பூமியின் கவச அடியில் சுமார் 1 சதவீதம், மைய இரும்பில் 5 சதவீதம். நிலாவில் அந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. அந்த நேரத்தை நிலைமத் திருப்புத்திறனில், அதாவது நிறை மையத்தில் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று காட்டும் எண்ணில், போடச் சொல்லியிருக்கிறேன். சீரான கோளத்துக்கு 0.4, நிலாவுக்கு 0.393, அதற்குப் பொருந்துகிற மாதிரி கருவத்தை எவ்வளவு சின்னதாக வைப்பது என்பதுதான் அங்கே உண்மையான வேலை.