புஷ் தி என்வலப், புஷ் யுவர் லக்: எதை எங்கே சொல்வது?

இந்த இரண்டு ஆங்கிலத் தொடர்களுமே எல்லையைத் தாண்டுவதைப் பற்றியவைதான். ஆனால் முதலாவது பெரும்பாலும் பாராட்டு, இரண்டாவது எச்சரிக்கை.

‘புஷ் தி என்வலப்’பில் வருவது தபால் கவர் இல்லை. ஒரு விமானம் எந்த வேகம், எந்த உயரம் வரை பத்திரமாகப் பறக்கும் என்று காட்டும் வரைபடத்தின் எல்லைக்கோடு அது. அந்தக் கோட்டை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளிப் பார்ப்பதுதான் சோதனை விமானிகளின் வேலை. 1947-இல் அமெரிக்கச் சோதனை விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியின் வேகத்தை மிஞ்சியதும் அப்படித்தான், ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கொஞ்சம் கூட்டி. துணிச்சலான ஆராய்ச்சி, புதுமையான கட்டடம் என்றால் இதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மற்றது அப்படியில்லை. மேலாளர் இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டார். சரி என்று வாங்கிக்கொள்ளாமல் மூன்றாவது நாளும் கேட்டால், அவர் சொல்வது ‘டோன்ட் புஷ் யுவர் லக்’: கிடைத்ததோடு நிறுத்திக்கொள், அதிர்ஷ்டத்தை அளவுக்கு மீறிச் சோதிக்காதே. பெரியவர்களிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், மிரட்டல் மாதிரிக் கேட்கும்.