சிம்மக்கல் பருத்திப்பால் கடை: குடிக்கவும் வாதாடவும்

மதுரையில் நல்ல பருத்திப்பால் கிடைக்கிற இடங்கள் நிறைய உண்டு. பருத்திப்பாலோடு, அமெரிக்க அதிபர்களில் யார் பெரியவர் என்ற வாதமும் சேர்ந்து கிடைக்கிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். சிம்மக்கல்லில் இருந்து வடக்கு மாசி வீதிப் பக்கம் போகிற வழியில், சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் நிற்கிற தள்ளுவண்டி. போர்டு கிடையாது. யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள்.

முதலில் பாலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பருத்தி விதையை முந்தின நாள் ராத்திரியே ஊறப்போட்டு, ஆட்டி, துணியில் பிழிந்து பாலெடுக்க வேண்டும். சக்கையைத் திரும்பவும் தண்ணீர் விட்டு ஆட்டி, இரண்டாம் பால், மூன்றாம் பால் எடுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் குடிக்கும்போது தொண்டையில் உமி நெருடும். இங்கே ஒரு வாய்கூட நெருடாது. பிழிகிற வேலை முழுக்கக் கடைக்கார அண்ணனின் மனைவியுடையது. வீட்டிலேயே வேட்டித் துணியை இரண்டாக மடித்துப் பிழிந்து அனுப்புகிறார். கடைக்குக் கிடைக்கிற நல்ல பேரில் பாதி அந்த அக்காவுக்குத்தான் போக வேண்டும். அப்புறம் அரிசி மாவு கரைத்து விட்டு, கட்டி தட்டாமல் கிண்டி, கருப்பட்டி, சுக்கு, ஏலக்காய். கிளாஸில் ஊற்றிய பிறகு மேலே ஒரு சிட்டிகை தேங்காய்த் துருவல். சுக்கு கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எனக்கு அது பிடிக்கும். சின்னப் பிள்ளைகளுக்குக் காரம் தெரியும், பார்த்துக் கொடுங்கள். ஒரு கிளாஸ் 20 ரூபாய்.

இனி வாதம். பக்கத்தில் ஒரு மர பெஞ்சு. அதில் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர், ஆட்டோ ஓட்டுகிற அண்ணன் ஒருவர், போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தங்கை ஒருத்தி. மேல்நிலைப் பள்ளியில் வரலாறு எடுக்கிற நானும் அவர்களோடு உண்டு. யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். ஆனால் கடைக்கார அண்ணன் ஒரு விதி வைத்திருக்கிறார். யாரைப் பெரியவர் என்று சொல்ல வருகிறீர்களோ, அவர் செய்ததிலேயே மோசமான காரியத்தை முதலில் நீங்களே சொல்ல வேண்டும். அதன் பிறகுதான் புகழலாம். "குறையச் சொல்லாம நிறையச் சொன்னா அது மேடைப் பேச்சு. அதுக்கு இங்க இடமில்ல" என்பார். எத்தனையோ பட்டிமன்றம் கேட்டு வளர்ந்த ஊர் இது. இப்படி ஒரு விதியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கடையின் உண்மையான சரக்கு இதுதான் என்பேன்.

ஆட்டோ அண்ணனின் கட்சி ஜார்ஜ் வாஷிங்டன். குறையை அவர் மழுப்புவதில்லை. வாஷிங்டனின் பண்ணையில் முந்நூறுக்கும் மேற்பட்ட அடிமைகள் இருந்தார்கள். தனக்குச் சொந்தமானவர்களை விடுதலை செய்யச் சொல்லி உயில் எழுதினார், அதுவும் மனைவியின் காலத்துக்குப் பிறகு. உயிரோடு இருந்தவரை செய்யவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் அண்ணன் தன் வாதத்துக்கு வருவார். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரில் ஜெயித்த தளபதி, 1783 டிசம்பரில் பதவியை, காங்கிரஸ் என்கிற அந்நாட்டு மன்றத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அதிபராக இரண்டு தடவை இருந்த பிறகு, யாரும் தடுக்காதபோதே, மூன்றாவது தடவை வேண்டாம் என்று 1797இல் இறங்கிவிட்டார். "நாற்காலியில ஏறுறது பெரிய விஷயமில்ல டீச்சர். எந்திரிச்சுப் போறதுதான் பெரிசு. நம்மூர்ல ஒரு சங்கத் தலைவர் எந்திரிச்சுப் பாத்திருக்கீங்களா?" இதற்கு என்னிடம் பதில் கிடையாது.

மில் ஐயா ரூஸ்வெல்ட்டை விடமாட்டார், அதாவது பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். நான்கு தடவை ஜெயித்தவர். அவருக்குப் பிறகுதான் இரண்டு தடவைக்கு மேல் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று 1951இல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். ஐயா சொல்லும் குறை, 1942இல் ஜப்பான் வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை வீடு வாசலை விட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அப்புறம் ஐயாவின் குரல் மாறும். 1935இல் தொழிலாளி சங்கம் வைக்கவும் முதலாளியோடு கூட்டாகப் பேரம் பேசவும் உரிமை கொடுத்த சட்டம். அதே வருடம் முதியோர் ஓய்வூதியத்துக்கு வழி செய்த சட்டம். 1938இல் குறைந்தபட்சக் கூலி. "சங்கத்துல பேர் குடுத்ததுக்கே வேலைய விட்டுத் தூக்குன காலம் எனக்குத் தெரியும்மா. அதனால அந்தச் சட்டத்தோட அருமை எனக்குத் தெரியும்."

தங்கை அங்கேதான் மடக்கினாள். "தாத்தா, அந்த 1935 சட்டம் ரெண்டுலயும் விவசாயக் கூலிகளுக்கும் வீட்டு வேலை செய்றவங்களுக்கும் இடமே இல்ல. தெற்கு மாநிலங்கள்ல கறுப்பின மக்கள்ல பெரும்பாலானவங்க செஞ்ச வேலையே அது ரெண்டும்தான்." ஐயா கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். "சரிம்மா, அதையும் என் குறைக் கணக்குல சேத்துக்க" என்றார். இந்த மாதிரி ஒரு பதிலைத் தொலைக்காட்சி விவாதத்தில் கேட்க முடியுமா?

தங்கையின் ஆள் லிண்டன் ஜான்சன். இனப் பாகுபாட்டைத் தடை செய்த 1964 சிவில் உரிமைச் சட்டம், கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையைக் காத்த 1965 வாக்குரிமைச் சட்டம். வியட்நாம் போர் அவர் தலையில் விழுகிற பெரிய பழி. நம் ஊருக்கும் அவர் மேல் ஒரு கணக்கு உண்டு. 1965, 66 பஞ்ச காலத்தில் இந்தியாவுக்குக் கோதுமை அனுப்பியவரும் அவர்தான், வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக அளந்து விட்டு நம்மைக் கையேந்த வைத்தவரும் அவர்தான்.

நான் லிங்கன் பக்கம். விதிப்படி குறையை முதலில் சொன்னேன். 1862 டிசம்பர் 26, மின்னசோட்டா மாநிலத்தில், வெள்ளைக் குடியேறிகளோடு நடந்த போருக்குப் பிறகு, டகோட்டா பழங்குடியினர் 38 பேரை ஒரே நாளில் தூக்கில் போட்டார்கள். ராணுவ விசாரணை மரண தண்டனை விதித்தது 303 பேருக்கு. லிங்கன் வழக்குக் கட்டுகளைப் பார்த்துப் பெரும்பாலான பெயர்களை நீக்கினார் என்பது உண்மை. மிச்சப் பேருக்குக் கையெழுத்துப் போட்டதும் அவர்தான். அந்த விசாரணைகள் சிலது சில நிமிடங்களில் முடிந்தவை.

ஆனாலும் நான் அவர் பக்கம் நிற்பதற்குக் காரணம், அவர் நின்ற இடத்திலேயே நிற்கவில்லை. அடிமை முறையை விடாத தெற்கு மாநிலங்கள் பிரிந்துபோய், வடக்கோடு உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1862 ஆகஸ்டில், ஒரு அடிமையைக்கூட விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்று ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எழுதியவர் அவர். 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம்கூடக் கலகம் செய்த பகுதிகளுக்கு மட்டும்தான். கென்டக்கி மாதிரி, தன்னோடு நின்ற மாநிலங்களின் அடிமைகளுக்கு அது இல்லை. அதே மனிதர் 1865 ஜனவரியில், நாடு முழுக்க அடிமை முறையை ஒழிக்கிற 13ஆவது திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் ஓட்டு ஓட்டாகச் சேர்த்து நிறைவேற வைத்தார். ஏப்ரல் 11ஆம் தேதி, படித்த கறுப்பினத்தவருக்கும் போரில் நின்ற கறுப்பினச் சிப்பாய்களுக்கும் ஓட்டுரிமை கொடுக்கலாம் என்று வெளிப்படையாகப் பேசினார். கூட்டத்தில் நின்று கேட்டவர்களில் ஒருவன் ஜான் வில்க்ஸ் பூத். மூன்றாம் நாள் அவன் லிங்கனைச் சுட்டுக் கொன்றான். சுமார் 40 லட்சம் பேரை இன்னொருவரின் சொத்து என்று எழுதி வைத்திருந்த நாட்டில், அதை மாற்றியதை விடப் பெரிய காரியம் எது? வரலாற்று அறிஞர்களைக் கேட்டு, சி-ஸ்பான் என்கிற அமெரிக்கத் தொலைக்காட்சி 2000, 2009, 2017, 2021இல் நடத்திய கணிப்புகள் நான்கிலும் லிங்கன்தான் முதல். அதை நான் பெஞ்சில் சொல்லவில்லை. அங்கே பட்டியலைக் காட்டி யாரையும் ஜெயிக்க முடியாது.

கடைக்கார அண்ணன் எந்தப் பக்கமும் சேரமாட்டார். அவருக்குத் தெரிந்தது விதை. "அந்தச் சண்டையில வடக்குக்காரன் தெக்குத் துறைமுகத்தப் பூராம் மறிச்சுட்டான்ல, வெள்ளக்காரன் மில்லுக்குப் பஞ்சு இல்ல. இந்தியப் பஞ்சுக்கு அப்பத்தான் வெல ஏறுச்சு. 65ல சண்ட முடிஞ்சதும் திரும்ப விழுந்துருச்சு" என்று கிண்டிக்கொண்டே சொன்னார். உண்மைதான். இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் அந்த வருடங்களில் இந்தியப் பருத்தியை நம்பி நின்றன. பள்ளிக்கூடத்தில் நான் இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டாலும் பிள்ளைகள் மனதில் நிற்காது. அடுத்த வகுப்பில் இவர் சொன்னபடியே சொல்லப்போகிறேன்.

குறைகளும் உண்டு. கிளாஸை ஒரே வாளித் தண்ணீரில் முக்கி எடுக்கிறார்கள். நான் வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுபோகிறேன், அண்ணன் முகம் சுளிக்காமல் ஊற்றித் தருகிறார், ஆனால் எல்லோருக்கும் அது முடியாது. ஒரே பெஞ்சு, நான்கு பேருக்கு மேல் உட்கார முடியாது. இன்னொரு பெஞ்சு போட்டால் பெண்கள் இன்னும் வருவார்கள். இப்போது பலர் பார்சல் வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரிலேயே நின்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். வாதம் சூடு பிடிக்கிற எட்டரை மணிக்குப் பால் தீர்ந்துவிடும் என்பது இன்னொரு குறை.

வாதத்திலும் எனக்கு ஒரு குறை. பேச்சு அதிபர்களை விட்டு நகரவே இல்லை. தலைவர் என்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் மட்டும்தானா? பிரெடெரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்து 1838இல் தப்பி வந்தவர். 1863இல் லிங்கனை நேரில் பார்த்து, கறுப்பினச் சிப்பாய்க்கும் வெள்ளைச் சிப்பாய்க்கும் ஒரே சம்பளம் கொடு என்று கேட்டவர். 1876இல் லிங்கன் சிலைத் திறப்பு விழாவில், அதிபர் கிராண்டை எதிரே வைத்துக்கொண்டே லிங்கனின் குறையையும் நிறையையும் சேர்த்துப் பேசியவர். இதைச் சொன்னதும் கடைக்கார அண்ணன் கரண்டியை நிறுத்திவிட்டு, "அப்ப அவரு நம்ம கடை ஆளு" என்றார். அடுத்த சுற்றில் அதிபர் அல்லாதவர்களுக்கும் இடம் உண்டு என்று முடிவாகியிருக்கிறது. தங்கை மார்ட்டின் லூதர் கிங்கோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான் டக்ளஸ்.

போகிறவர்கள் ஏழரைக்குள் போய்விடுங்கள். வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கள், பெஞ்சுக்கு முன்னால் நிறுத்தினால் ஐயா சத்தம் போடுவார். சில்லறை கொண்டுபோனால் நல்லது.