ஆமைச் சான்றிதழுக்கு டூப்ளிகேட் வாங்கித் தருவதாக வரும் ஆளிடம் ஏமாறாதீர்கள்

அவிநாசி, திருப்பூர் பக்கம் ஆமை, மக்காவ் கிளி, இகுவானா ஓணான் வளர்ப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். பதிவுச் சான்றிதழ் தொலைந்துபோனவர்களிடம் “ஃபாரஸ்ட் ஆபீஸ்ல நமக்கு ஆள் இருக்குதுங்க” என்று ஒருவர் பணம் வாங்கிக்கொண்டிருக்கிறார். தாலுகா ஆபீஸ் பக்கம் பட்டா, வில்லங்கச் சான்று வேலை பார்க்கிறவர். அப்பாவிடம் 6,500 ரூபாய் வாங்கிக்கொண்டு அவர் கொடுத்த காகிதத்தை நம்பியிருந்தால் நாங்கள் கம்பி எண்ணியிருப்போம்.

எங்களிடம் இருப்பது சல்காட்டா ஆமை. சகாராவின் தெற்கு ஓரத்து இனம் என்பதால் நம்ம ஊர் வெயிலுக்கு அசராது. கொழுக்கட்டைப் புல்லைப் போட்டால் மாடு மாதிரி மேயும். வெளிநாட்டு இனம், சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் உலக வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) பட்டியலில் இருப்பது. வனஉயிரினச் சட்டத்தை 2022-இல் திருத்தியபோது இந்தப் பட்டியல் இனங்களை நான்காம் அட்டவணையில் வைத்தார்கள். 2024 பிப்ரவரியில் இவற்றைப் பதிய வேண்டும் என்ற விதிகள் வந்ததும் பரிவேஷ் என்ற அரசு இணையதளத்தில் பதிந்து சான்றிதழ் வாங்கினோம். வீடு மாறும்போது அந்த ஃபைல் காணாமல் போய்விட்டது.

“காகிதம் இல்லீன்னா ஆமையத் தூக்கீட்டுப் போயிருவாங்க, கேஸும் போடுவாங்க” என்று அந்த ஆள் அப்பாவைப் பயமுறுத்தியிருக்கிறார். பணம் ஜிபேயில் போனது. ஆதார் ஜெராக்ஸ் வேறு கொடுத்தாயிற்று. (ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று ஆத்தா சொல்லிக்கொண்டே இருக்கும். ஆமை வந்து நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம், இந்த ஏஜென்ட் வந்தார் பாருங்கள்!)

வந்தது லேமினேஷன் செய்த ஒரு கலர் பிரிண்ட். அப்பா பெயர் மட்டும் வேறு எழுத்துருவில், வரிக்கு மேலே லேசாகத் தூக்கி நின்றது. முத்திரை ஏதோ ஒரு ரேஞ்ச் ஆபீஸுடையது; இந்தச் சான்றிதழைத் தர வேண்டியவரோ மாநிலத் தலைமை வனஉயிரினக் காப்பாளர். இதெல்லாம்கூடப் போகட்டும். இனம் என்ற இடத்தில் ‘ஜியோகெலோன் எலிகன்ஸ்’ என்று இருந்தது. அது நட்சத்திர ஆமை! முதல் அட்டவணை. வீட்டில் வைத்திருந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு சிறை, அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. சல்காட்டா என்றால் ‘சென்ட்ரோகெலிஸ் சல்காட்டா’ என்று இருக்க வேண்டும். யாருடைய காகிதத்தையோ ஸ்கேன் செய்து பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார். இதைக் கொண்டுபோய் அதிகாரியிடம் நீட்டியிருந்தால், இல்லாத நட்சத்திர ஆமைக்கு நாமே வாக்குமூலம் கொடுத்த கணக்கு.

அப்புறம் தங்கச்சி பழைய மின்னஞ்சலைத் தேடிப் பரிவேஷில் உள்ளே போனாள். விண்ணப்பம், போட்டோ, சான்றிதழ் எல்லாம் அங்கேயே இருந்தன. பிரிண்ட் எடுத்த செலவு பத்து ரூபாய். லாகின் மறந்தவர்கள் மாவட்ட வன அலுவலகத்தில் நேரில் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இடையில் யாரும் வேண்டாம். பதியாமலே விட்டவர்களுக்கு “பழைய தேதி போட்டுத் தர்றேன்” என்கிறாராம். அதற்கான ஆறு மாதக் கெடு 2024 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. பழைய தேதி போட்ட காகிதம் வந்தால் அதுவும் இதே ரகம்தான்.

ஸ்டேஷனில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கியிருக்கிறோம். அது தெரிந்ததும் ஆள் 2,000 ரூபாய் அனுப்பினார். மீதிக்கு “ஆடி கழியட்டுங்க” என்கிறார். இப்போது காங்கேயம், தாராபுரம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறாராம்.