பினாங்கு ஜார்ஜ் டவுன் காலை நடை, தமிழில்: ஒப்பந்தக் கதைக்கு முழு மார்க், மற்றதற்குக் கொஞ்சம் குறைவு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சுவர் ஓவியம் முன்னால் நின்று படம் எடுக்கணும், அப்படியே ஒரு செண்டோல் குடிக்கணும் என்று வருபவர்களுக்கு இந்த நடை ஒத்துவராது. பாதி நேரம் கார்ன்வாலிஸ் கோட்டைக்கே போய்விடுகிறது. எனக்கு அதுதான் பிடித்தது.

பினாங்கில் யாரோடு சுற்றினாலும் 1786-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் வந்து இறங்கினார், பீரங்கியில் வெள்ளிக் காசை அடைத்துக் காட்டுக்குள் சுட்டார், காசு பொறுக்கும் ஆசையில் ஆட்கள் காட்டை வெட்டித் தள்ளினார்கள் என்றுதான் ஆரம்பிப்பார்கள். இந்த கைடு அண்ணன் அதை ஒரே வரியில் தாண்டிவிட்டு, "தீவு யாருடையது? அவர் ஏன் கொடுத்தார்?" என்று எங்களையே கேட்டார். பள்ளியில் படித்ததுதான், ஆனால் யாருக்கும் ஒழுங்காகப் பதில் வரவில்லை.

தீவு, எதிர்க்கரையில் இருக்கும் கெடாவின் சுல்தானுடையது. வடக்கே சயாம் (இன்றைய தாய்லாந்து) நெருக்கிக்கொண்டிருந்தது, அதனால் சுல்தான் அப்துல்லாவுக்கு வேண்டியது பணத்தைவிடப் பாதுகாப்பு. என் எதிரி உங்களுக்கும் எதிரி, கடலைக் காவல் காக்கணும், பினாங்கில் துறைமுகம் வந்தால் என் வியாபாரம் போகும், அதற்கு வருடம் 30,000 ஸ்பானிய டாலர் தரணும் என்று நிபந்தனை போட்டார். கம்பெனி இதற்கு ஒப்புதல் கொடுப்பதற்கு முன்பே லைட் 1786 ஆகஸ்ட் 11-ல் கொடியை ஏற்றி, வேல்ஸ் இளவரசர் தீவு என்று பேரும் வைத்துவிட்டார். அட்வான்ஸ் பேசி முடிக்கும் முன்பே வீட்டுக்குள் சாமான் இறக்கிய மாதிரி என்றார் அண்ணன், எல்லோரும் சிரித்தோம். கம்பெனி கடைசிவரை படை உதவிக்குச் சம்மதிக்கவே இல்லை.

சுல்தான் பொறுத்துப் பார்த்துவிட்டு, தீவை மீட்க எதிர்க்கரையில் பிறை என்ற இடத்தில் படகுகளையும் ஆட்களையும் திரட்டினார். லைட் முந்திக்கொண்டு தாக்கினார். அதற்குப் பிறகு வந்ததுதான் 1791 ஒப்பந்தம்: வருடம் 6,000 டாலர், ஆங்கிலேயர் தீவை வைத்திருக்கும்வரை. கேட்டதில் ஐந்தில் ஒரு பங்கு, பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை. 1800-ல் எதிர்க்கரை நிலமும் போனது, இப்போதைய செபராங் பிறையின் பெரும்பகுதி அதுதான், தொகை 10,000 ஆனது. 1821-ல் சயாம் நிஜமாகவே கெடாவுக்குள் புகுந்தபோது அப்போதைய சுல்தான் ஓடிவந்து நின்றது இதே பினாங்கில், அப்போதும் ஆங்கிலேயர் படை அனுப்பவில்லை. இதை அண்ணன் கோட்டை மதில் ஓரம் நின்று சொன்னபோது பக்கத்திலிருந்த கெடாக்கார அம்மா, "அதான் இன்னும் வாடகை வருதே" என்றார். உண்மைதான், மலேசியக் கூட்டரசு அரசாங்கம் இன்றும் கெடாவுக்குப் பணம் கொடுக்கிறது. நீண்ட காலம் வருடத்துக்கு 10,000 வெள்ளியாகவே (ரிங்கிட்) இருந்ததை இப்போது சில வருடங்களுக்கு முன்புதான் 1 கோடியாக உயர்த்தினார்கள்.

லைட் சிலையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. அவர் முகம் எப்படி இருந்தது என்பதற்குப் படம் எதுவும் கிடைக்காததால் மகன் வில்லியம் முகத்தைப் பார்த்துச் செய்தார்களாம், ஆஸ்திரேலியாவில் அடிலெய்ட் நகருக்குத் திட்டம் போட்டவர் அவர். நிலத்தை வாங்கிக்கொண்டவருக்கு இரவல் முகமாவது கிடைத்தது, கொடுத்த சுல்தானுக்கு நாங்கள் நடந்த வழியில் ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. இது என் புலம்பல், நடையைக் குறை சொல்லவில்லை.

குறைகளுக்கு வருகிறேன். விக்டோரியா மணிக்கூண்டுப் பக்கம் வண்டிச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை, இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் சின்ன மைக் ஒன்று வைத்துக்கொள்ளலாம். 1791 ஒப்பந்தத்தின் ஷரத்துகளை ஒரு தாளில் காட்டினார், ஆனால் அது ஆங்கிலத்தில் மட்டும்தான் இருந்தது. தமிழ் நடை என்று காசு வாங்கிவிட்டு இப்படிச் செய்யலாமா? பெரியவர்கள் சிலர் கண்ணாடியைத் தேடுவதற்குள் தாள் பைக்குள் போய்விட்டது. அதைவிடப் பெரிய வருத்தம் சூலியா வீதி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், அதை எழுப்பிய காதர் மொஹிதீன், லைட் காலத்திலேயே வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் என்று நம் ஆட்கள் கதை நிறைய இருக்கிற இடத்தில் ஓட்டமும் நடையுமாகக் கடத்திவிட்டார். இந்தக் கோட்டை வேலைக்கு இந்தியாவிலிருந்து கைதிகளைக் கொண்டுவந்ததைப் பற்றியும் ஒரு வாக்கியத்தோடு சரி. கோட்டையில் கொஞ்சம் சுருக்கி இங்கே நேரம் கொடுத்திருக்கலாமே என்று கேட்டேன், மழை வரும் போலிருக்கு தம்பி என்றார். மழை வரவில்லை.

கோட்டை நுழைவுச் சீட்டு கட்டணத்தில் சேராது, கையில் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நிழல் குறைவு, தொப்பி கட்டாயம். பிள்ளைகளைக் கூட்டிப்போனால் ஸ்ரீ ரம்பாய் பீரங்கியில் மட்டும் உற்சாகமாக இருப்பார்கள், மீதி நேரம் எப்போ முடியும் என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். முன்பதிவு செய்யும்போதே சூலியா வீதியில் கூடுதல் நேரம் வேண்டும் என்று எழுதிவிடுங்கள், நாலு பேர் கேட்டால் மாற்றுவார்கள் என்று நினைக்கிறேன்.