ஸ்னாச்சா, வியெஜெச்சா? ஆங்கிலச் சொல் ஒன்றுக்குப் போலிஷ் சொல் பல

போலிஷ் என்றதும் ஏழு வேற்றுமைகளைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவருக்கு அதைவிடப் பெரிய தடை ஆங்கிலத்தின் சாதாரணச் சொற்கள்தான் என்பது என் கருத்து. ஒரு சொல்லுக்கு அகராதியில் நான்கு போலிஷ் சொற்கள் வரிசையாக நிற்கும். எதை எடுப்பது என்று பல அகராதிகள் சொல்லாது. அப்படிப் போட்டியிடும் சில சொற்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். போலிஷ் ஒலிகளைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் கொடுத்திருக்கிறேன்.

முதலில் 'ஐ நோ'. ஸ்னாச், வியெஜெச், உமியெச், பொத்ராஃபிச் என்று நான்கு வினைகள் இதற்குப் போட்டி. 'பழக்கம்', 'தகவல்', 'திறமை' என்று பொருள் பிரித்துப் பாடநூல்கள் விளக்கும். பேச வாயைத் திறக்கும்போது அந்தப் பிரிவு உதவுவதில்லை. தமிழருக்கு இதைவிட எளிய வழி இருக்கிறது. அதே கருத்தைத் தமிழில் சொல்லி, 'தெரியும்' என்பதற்கு முன்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். 'அவரைத் தெரியும்', 'இந்த ஊரைத் தெரியும்' என்று இரண்டாம் வேற்றுமை வந்தால் ஸ்னாச். 'அவர் நாளை வருகிறார் என்று தெரியும்' என்பது போல 'என்று' வந்தால் வியெஜெச். 'நீந்தத் தெரியும்', 'சமைக்கத் தெரியும்' என்று எச்சம் வந்தால் உமியெச். 'தமிழ் தெரியும்', 'பதில் தெரியும்' என்பவற்றில் உருபு வெளியே தெரியாது, அங்கேயும் ஸ்னாச்தான். ஒரு கவிதை மனப்பாடமாகத் தெரியும் என்பதற்கு மட்டும் ஸ்னாச், உமியெச் இரண்டையும் போலந்துக்காரர்கள் சொல்வார்கள்.

நான்காவதான பொத்ராஃபிச் பெரும்பாலும் உமியெச் இருக்கும் இடத்தில் பொருந்தும். ஆனால் அது கற்ற வித்தையைத் தாண்டி இயல்பையும் சொல்லும்: 'அவரால் மணிக்கணக்கில் பேசாமல் இருக்க முடியும்' என்பதற்குப் பொத்ராஃபிச்தான் நன்றாக இருக்கும். புதிதாகப் படிப்பவர் உமியெச்சை முதலில் பிடித்துக்கொள்ளலாம்.

அடுத்து 'ஐ கோ'. இங்கே தமிழும் கைகொடுக்காது. நமக்கும் 'போகிறேன்' ஒன்றுதான். நடந்து போனால் இஷ்ச், வண்டியில் போனால் யெஹாச். வழக்கமாகப் போய்வருவது என்றால் முறையே ஹொஜிச், யெஜ்ஜிச். விமானத்துக்குத் தனி வினை உண்டு. சினிமாவுக்குப் போகிறேன் என்று திட்டத்தைச் சொல்லும்போது, வழியில் டிராம் ஏறினாலும் இஷ்ச் சொல்வது வழக்கம். வெளியூர் என்றால் அப்படிச் சொல்ல முடியாது. வார்சாவில் இருந்துகொண்டு 'செஸ்தொஹோவாவுக்குப் போகிறேன்' என்பதற்கு இஷ்ச் போட்டால், 200 கிலோமீட்டருக்கு மேல் நடக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஆகஸ்டில் அதை உண்மையாகவே சொல்பவர்கள் இருக்கிறார்கள்: 1711 முதல் நடந்துவரும் வார்சா பாதயாத்திரை, ஆகஸ்ட் 15 திருநாளுக்காக அந்த ஊரின் மாதா கோயிலை நோக்கிப் போகிறது.

'ஐ லைக்' என்பதில் தமிழ் மறுபடியும் உதவுகிறது. லூபிச் என்பது நிலையான விருப்பம். பொதொபாச் ஷெ என்பது பார்த்ததும் கேட்டதும் மனதுக்குப் பிடித்துப்போவது. இரண்டாவது அப்படியே நம் 'எனக்குப் பிடித்திருக்கிறது' மாதிரி. 'எனக்கு' என்ற நான்காம் வேற்றுமையைத்தான் போலிஷும் கேட்கிறது. சாப்பாடு ருசித்தால் ஸ்மாகொவாச். ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது கவனம் வேண்டும். ஒருவரிடம் லூபிச் சொன்னால் நட்பு. பொதொபாச் ஷெ சொன்னால் 'உங்கள் மேல் எனக்கு ஒரு ஈர்ப்பு' என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இதுவரை பார்த்தவற்றில் விடை பெரும்பாலும் வாக்கியத்துக்குள்ளேயே இருந்தது. அதனால்தான் கூகுள் டிரான்ஸ்லேட்டும், 2017-இல் தொடங்கியபோதே போலிஷைச் சேர்த்திருந்த டீப்எல் என்ற மொழிபெயர்ப்புச் சேவையும் இவற்றைப் பெரும்பாலும் சரியாகவே தருகின்றன. 'யூ' வந்தால் நிலைமை வேறு. 'ஆர் யூ டயர்ட்?' என்பதைப் போலிஷில் சொல்ல, எதிரே இருப்பவர் ஆணா பெண்ணா, நெருக்கமானவரா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும். நெருக்கம் என்றால் தி. மரியாதை என்றால் ஆணுக்குப் பான், பெண்ணுக்குப் பானி, இருபாலும் சேர்ந்த குழுவுக்குப் பான்ஸ்த்ஃபோ. ஆங்கில வாக்கியத்தில் இந்தத் தகவல் எதுவும் இல்லை. இயந்திரம் ஊகிக்கத்தான் வேண்டும். தமிழில் 'நீங்கள்' என்று எழுதிய மரியாதைகூட இடையில் ஆங்கிலம் புகுந்தால் காணாமல் போய்விடும். இங்கே நான் இயந்திரத்தை நம்பவே மாட்டேன்.

ஆனால் 'நீங்கள்' என்பதை அப்படியே நகலெடுப்பதும் தவறு. போலிஷில் பன்மை முன்னிலையான 'வி' இருக்கிறது. ஒரே ஆளை அப்படி அழைப்பது கம்யூனிஸ்ட் ஆட்சிக்காலக் கட்சிப் பேச்சை நினைவூட்டும். பான், பானி இரண்டுக்கும் வினை படர்க்கையில் வரும்: 'ஐயா களைப்பாக இருக்கிறாரா?' என்று அவரிடமே கேட்பது போல. தெரியாதவர்களிடம் இதையே பயன்படுத்துங்கள். தி சொல்லலாம் என்று வயதில் மூத்தவர் முதலில் சொல்லட்டும்.

'ஃப்ரீ'க்கு மூன்று சொற்கள். தார்மோவி அன்றாடப் பேச்சு, பெஸ்ப்வாத்னி அறிவிப்புப் பலகை நடை; இரண்டுமே இலவசம். வோல்னி என்றால் விடுதலை, காலி, ஓய்வு. ரயிலில் இருக்கை காலியா என்று கேட்க வோல்னிதான். ஆனால் 'இலவச அனுமதி' என்ற பலகையிலும் வோல்னி வரும். மெதுவான என்றும் அதற்குப் பொருள் உண்டு. சமையல் குறிப்பில் சிறுதீயைக் குறிப்பதும் அதுவே.

'அங்கிள்' பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் சித்தப்பா, மாமா போல, அப்பாவின் சகோதரருக்கு ஸ்த்ரிய், அம்மாவின் சகோதரருக்கு வூய் என்று பழைய போலிஷ் பிரித்தது. இன்றைய பேச்சில் இருவருக்குமே வூயெக் போதும்.

எந்த அகராதி? போட்டியிடும் சொற்களைத் தெரிந்துகொள்ள ஆங்கில–போலிஷ் அகராதி சரி. முடிவெடுக்க, போலந்து அறிவியல் கழகம் இணையத்தில் இலவசமாகத் தரும் போலிஷ்–போலிஷ் பேரகராதியைப் பாருங்கள். ஒவ்வொரு வினையும் எந்த வேற்றுமையைக் கேட்கிறது, எந்தச் சொற்களோடு சேரும் என்று அதில் இருக்கிறது. அப்புறமும் சந்தேகம் இருந்தால், 150 கோடிச் சொற்களுக்கு மேல் கொண்ட தேசியப் போலிஷ் மொழித் தொகுப்பில், அதாவது நிஜமான போலிஷ் வாக்கியங்களைத் திரட்டி வைத்திருக்கும் தரவுத்தளத்தில், தேடிப் பார்க்கலாம்.