நிறுத்துகிறோம் என்று சொன்ன மறுநாள் வெப்சைட் காணாமல் போனது

ஒரு சிறு தயாரிப்பு நிறுவனம். லோகோ, வெப்சைட், எஸ்இஓ (கூகுள் தேடலில் மேலே வர வைக்கும் வேலை), விளம்பரம் என்று எல்லாவற்றையும் ஒரே ஏஜென்சியிடம் ஒப்படைத்திருந்தது. மாதம் தவறாமல் பிடிஎஃப் ரிப்போர்ட் வந்தது, அம்புக்குறி எல்லாம் பச்சை, எல்லாம் மேலே பார்த்தபடி. விசாரித்துக் கூப்பிடுகிறவர்கள் எண்ணிக்கை மட்டும் ஏறவே இல்லை. கடைசியில் உரிமையாளர், "அடுத்த மாதத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்" என்று ஒரு வரி மெயில் அனுப்பினார். மறுநாள் காலை வெப்சைட் திறக்கவில்லை. மதியத்துக்குள் நிறுவனத்தின் மெயிலும் நின்றுவிட்டது. போன் செய்து கேட்டால், டொமைன் (வெப்சைட்டின் முகவரிப் பெயர்) எங்கள் கணக்கில்தான் இருக்கிறது, மாற்றித் தரத் தனிக் கட்டணம் என்று பதில்.

இந்தத் தொழிலில் அடிக்கடி பார்க்கிற ஏமாற்று இது. பெரும்பாலும் யாரும் பொய்க் கையெழுத்துகூடப் போடுவதில்லை. ஆரம்பத்தில் "அதெல்லாம் நாங்களே பார்த்துக்கிறோம்" என்று சொல்லி, டொமைனைத் தங்கள் பெயரில் பதிந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். பணம் கட்டியது நீங்கள், பதிவில் இருப்பது அவர்கள். மெயில் ஏன் சேர்ந்து நின்றது என்றால், எந்த மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் ரெக்கார்டும் அதே டொமைனின் டிஎன்எஸ் என்ற முகவரிப் பட்டியலில்தான் உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்திருக்கும் நேம்சர்வரை மாற்றினால் இரண்டும் சேர்ந்தே போகும்.

உங்கள் டொமைன் யாரிடம் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள். டொமைன் பெயர்களை உலக அளவில் ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் லுக்அப் பக்கத்தில் தேடலாம். ஆனால் இப்போது பெரும்பாலான பதிவுகளில் உரிமையாளர் பெயர் மறைத்தே காட்டப்படுகிறது, அதனால் அது மட்டும் போதாது. நம்பகமான சோதனை இதுதான்: டொமைனைப் பதிந்து தரும் நிறுவனமான பதிவாளரின் தளத்தில் உங்கள் சொந்த மெயில் ஐடியால் லாகின் செய்ய முடிகிறதா? புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல் உங்கள் இன்பாக்ஸுக்கு வருகிறதா? இரண்டுக்கும் இல்லை என்றால் டொமைன் உங்களிடம் இல்லை. அந்த மெயில் ஐடியும் அதே டொமைனில் இருக்கக் கூடாது, தனியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டொமைன் முடங்கும் நாளில் பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் உங்களுக்கு வராது.

திரும்ப வாங்கும்போது வேறு பதிவாளருக்கு மாற்றச் சொல்லி அவசரப்படாதீர்கள். அதே பதிவாளரிடம் உங்கள் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, அதற்குள் 'புஷ்' (ஒரே பதிவாளரிடம் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றுவது) செய்யச் சொல்வதே சுலபம். பதிவு உங்கள் பெயரில் இருந்தும் வேறு பதிவாளருக்கு மாற்றத் தேவையான டிரான்ஸ்ஃபர் கோடு தராமல் இழுத்தடித்தால், டாட் காம் போன்ற பொது டொமைன்களுக்குக் கேட்ட 5 நாளுக்குள் பதிவாளர் கொடுத்தாக வேண்டும் என்பது ஐகான் விதி. பதிவில் உரிமையாளர் பெயரை மாற்றியவுடன் 60 நாள் டிரான்ஸ்ஃபர் பூட்டு விழலாம். அது ஏஜென்சியின் சதி ஆகாது. ஏஜென்சி புதுப்பிக்காமல் விட்டு டொமைன் காலாவதியாகி, பதிவாளர் அதை நீக்கிவிட்டாலும், 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம்தான் கூடுதல். அதையும் தாண்டினால் 5 நாள் காத்திருப்பு. அப்புறம் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது அந்தப் பச்சை அம்பு ரிப்போர்ட். "37 கீவேர்டில் முதல் பக்கம்" என்று எழுதியிருக்கும். கீவேர்ட் என்றால் மக்கள் தேடும் சொல். பட்டியலைத் திறந்து பார்த்தால் பாதி உங்கள் நிறுவனத்தின் பெயரேதான், கூடவே ஒரு சொல் ஒட்டியிருக்கும். உங்கள் பெயரைத் தேடினால் நீங்கள் முதலில் வருவதற்கு யாரும் உழைக்க வேண்டியதில்லை. மீதிப் பாதி, ஆறேழு சொல் நீளமுள்ள, யாருமே தேடாத சொற்றொடர்கள். போட்டியே இல்லாத இடத்தில் முதலிடம்! கூகுளில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அதனால் 'கேரண்டி' என்ற சொல் வந்தாலே பேச்சை நிறுத்தலாம்.

உண்மை நிலவரம் கூகுளின் சர்ச் கன்சோல் கருவியில் இருக்கிறது, அதுவும் இலவசமாக. உரிமையாளர் அனுமதியோடு உள்ளே போய், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் உங்கள் நிறுவனப் பெயர் வரும் தேடல்களை ஃபில்டர் போட்டு விலக்குங்கள். எஞ்சியிருக்கும் கிளிக்தான் அந்த வேலையின் பலன். இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் தளம் காட்டப்பட்ட எண்ணிக்கை) ஏறியதைப் பெருமையாகக் காட்டுவார்கள், ஐந்தாம் பக்கத்தில் தலைகாட்டினாலும் அது இம்ப்ரெஷன்தான். 16 மாதத் தரவு அங்கே கிடைக்கும், ஆகவே போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் சீசன் ஏற்ற இறக்கமே வளர்ச்சி மாதிரி தெரியும்.

மாதத்துக்கு இத்தனை நூறு பேக்லிங்க் (வேறு தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்பு) என்று விற்பவர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2012-ல் போலி இணைப்புகளைக் குறிவைத்துக் கூகுளின் பெங்குவின் அப்டேட் வந்த நாளிலிருந்து அது விலை போகாத சரக்கு, சில சமயம் கெடுதலும்கூட.

விளம்பரக் கணக்கில் நடப்பது இன்னும் நைசான வேலை. ஏஜென்சி தன் சொந்தக் கூகுள் ஆட்ஸ் கணக்கில் உங்கள் விளம்பரத்தை ஓட்டும். எவ்வளவு செலவானது, எந்தச் சொல்லுக்குப் போனது, எதுவும் உங்கள் கண்ணில் படாது. பிரிந்து போகும் நாளில் இத்தனை வருடத் தரவும் அவர்களோடு போய்விடும். முறையான வழி, கணக்கு உங்கள் பெயரில், பணம் உங்கள் கார்டிலிருந்து. 10 இலக்க கஸ்டமர் ஐடியை மட்டும் கொடுத்தால் அவர்கள் தங்கள் மேனேஜர் கணக்கிலிருந்து இணைத்துக்கொள்வார்கள், வேண்டாம் என்றால் நீங்களே துண்டித்துவிடலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நடத்தும் மெட்டாவிலும் அப்படித்தான்: விளம்பரக் கணக்கும் பிக்சலும் (வெப்சைட்டுக்கு வருபவர்களைக் கவனிக்கும் நிரல்) உங்கள் பிசினஸ் போர்ட்ஃபோலியோவில் இருக்கட்டும், அவர்களுக்குப் பார்ட்னர் அனுமதி போதும்.

கணக்கு உங்கள் கைக்கு வந்ததும் முதலில் சேஞ்ச் ஹிஸ்டரியைத் திறங்கள். 2 வருடம் வரை யார் என்ன மாற்றினார்கள் என்று தேதியோடு இருக்கும். நிர்வாகக் கட்டணம் வாங்கிய மாதத்தில் ஒரு வரிகூட இல்லையென்றால் வேறு சாட்சி தேவையில்லை. அடுத்து சர்ச் டேர்ம்ஸ் ரிப்போர்ட். தொழிற்சாலை இயந்திரம் விற்கும் கணக்கில் "இலவசம்", "வேலைவாய்ப்பு", "பழையது", "எப்படிச் செய்வது" என்று தேடியவர்களின் கிளிக்குக்குப் பணம் கரைந்திருக்கும். தொடர்புள்ள எந்தத் தேடலுக்கும் விளம்பரம் காட்டும் பிராட் மேட்சில் விட்டுவிட்டு, வேண்டாத சொற்களை விலக்கும் நெகட்டிவ் கீவேர்ட் ஒன்றுகூடப் போடாததன் விளைவு அது. இட அமைப்பையும் பாருங்கள். இயல்பாகவே அது உங்கள் பகுதியில் இருப்பவர்களோடு, அந்தப் பகுதியில் ஆர்வம் காட்டும் வெளியூர்க்காரர்களுக்கும் சேர்த்துக் காட்டும். கன்வெர்ஷன் (விளம்பரத்தால் கிடைத்த பலன்) என்று எதை எண்ணுகிறார்கள் என்றும் கேளுங்கள். தொடர்புப் பக்கத்தைத் திறந்தாலே ஒரு லீட் (வாடிக்கையாளர் விசாரணை) என்று எண்ணினால் எந்த ரிப்போர்ட்டும் அழகாகத்தான் இருக்கும்.

வெப்சைட்டைப் புதுசாக்குகிறோம் என்று சொல்லி இருந்ததையும் கெடுப்பது தனி வகை. பழைய பக்கங்களின் முகவரி மாறும்போது ஒவ்வொன்றுக்கும் புது முகவரிக்குத் திருப்பிவிடும் 301 ரீடைரக்ட் போட வேண்டும். போடாவிட்டால் கூகுளில் இருக்கும் பழைய இணைப்பெல்லாம் 'பக்கம் இல்லை' என்ற 404-ல் முடியும். வேலை தொடங்கும் முன்பே பழைய முகவரிகளை ஒரு எக்செல்லில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், திறப்பு நாளில் இருபதை எடுத்து ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். வேர்ட்பிரஸ் என்றால் ரீடிங் செட்டிங்ஸில் தேடுபொறிகள் வர வேண்டாம் என்ற பெட்டி டிக் ஆகியிருக்கிறதா என்றும் பாருங்கள். வேலை நடக்கும்போது போட்ட டிக்கை எடுக்க மறந்து, மாதக்கணக்கில் தளமே கூகுளில் இல்லாமல் போனதுண்டு. அதற்கும் எஸ்இஓ கட்டணம் வாங்குவார்கள்!

லோகோவுக்கு வெறும் பிஎன்ஜி மட்டும் கொடுத்தால் வாங்காதீர்கள். வற்புறுத்தினால், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத எஸ்விஜி வரும், அதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. பிஎன்ஜி படத்தை அப்படியே எஸ்விஜிக்குள் ஒட்டி அனுப்புவார்கள். பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் கூராகவே இருந்தால் சரி, படிக்கட்டு மாதிரி உடைந்தால் ஒட்டு வேலை. பேனர் அச்சடிக்கும் இடத்தில்தான் அது பல்லிளிக்கும். கூடவே எழுத்துருவின் பெயர், உரிமம், அச்சுக்கான சிஎம்ஒய்கே நிற அளவு, காப்புரிமையை உங்களுக்கு மாற்றித் தரும் கையெழுத்துக் கடிதம், இவற்றையும் கேளுங்கள். பணம் கொடுத்தாலும், எழுதி மாற்றித் தராவிட்டால் பல நாடுகளில் உரிமை வரைந்தவரிடமே இருக்கும். கூகுள் லென்ஸில் லோகோவைப் போட்டுத் தேடி, அதே சின்னம் வேறு பத்து நிறுவனத்தில் இருந்தால் அது டெம்ப்ளேட், டிரேட்மார்க்குக்குத் தேறுவது கஷ்டம்.

இப்போது ஒரு ஏஜென்சியிடமிருந்து விலக நினைத்தால், நிறுத்தும் கடிதம்தான் கடைசி வேலை. முதலில் டொமைன் உங்கள் கணக்குக்கு வரட்டும். டிஎன்எஸ் பக்கத்தில் உள்ள ஏ, எம்எக்ஸ், டிஎக்ஸ்டி ரெக்கார்டுகளை வரி விடாமல் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். வெப்சைட் ஃபைல், டேட்டாபேஸ் இரண்டையும் பேக்கப் எடுத்து வேறு இடத்தில் போட்டுத் திறந்து பாருங்கள், திறக்காத பேக்கப் பேக்கப்பே இல்லை. கூகுள் மேப்பில் நிறுவனத்தைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் உங்களை உரிமையாளராகச் சேர்க்கச் சொல்லுங்கள். புதிதாகச் சேர்ந்த உரிமையாளர் 7 நாள் கழித்துத்தான் மற்றவர்களை நீக்க முடியும், ஆகவே அந்தக் கடிதத்தை எட்டாவது நாள் அனுப்புங்கள்.