டபிள்யூ.சி. (தொழிலாளர் இழப்பீட்டு) பாலிசி, ஆறு ரினியூவலுக்குப் பிறகு: அந்த ஒரு வரி

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கும் நண்பர் கேட்டது, "ஆயிரத்துக்கு என்ன ரேட் போட்டாங்க?" சம்பளத்தில் ஆயிரம் ரூபாய்க்கு எவ்வளவு பிரீமியம் என்ற அந்த ரேட் இருக்கட்டும். பாலிசி அட்டவணையில் 'வேலை விவரம்' என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது? ஆறு ரினியூவலுக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் அடங்காத இடம் அதுதான்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 30 வயதுத் தொழிலாளி, மாதம் 24,000 ரூபாய் சம்பளம், வேலையில் உயிரிழந்தால் முதலாளி சட்டப்படி தர வேண்டிய இழப்பீட்டுக் கணக்கு இப்படி: சம்பளத்தில் 15,000 வரைதான் எடுத்துக்கொள்வார்கள் (2020 ஜனவரி 3 முதல், அதற்கு முன் 8,000). அதில் பாதி 7,500. வயதுக்கேற்பச் சட்டத்தில் தந்திருக்கும் காரணி 30 வயதுக்கு 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். உரிய காலத்தில் கட்டாவிட்டால் வட்டி வேறு. சிறு பட்டறை எதுவும் கைக்காசில் தாங்காது. இந்தப் பாரத்தைச் சில ஆயிரம் ரூபாய் பிரீமியத்தில் இறக்கி வைக்க முடிகிறது என்பதே பெரிய ஆறுதல்.

ஆனால் அந்தச் சில ஆயிரம் எவ்வளவு என்பதை வேலை வகைதான் தீர்மானிக்கிறது. 2007 ஜனவரியில் டாரிஃப் (எல்லா கம்பெனிக்கும் ஒரே கட்டாய ரேட்) போனதிலிருந்து ரேட் அந்தந்த கம்பெனியின் முடிவு. கணக்குக்காக, பட்டறை வெல்டிங்குக்கு ஆயிரத்துக்கு 5, உயரத்தில் ஏறிப் பொருத்தும் எரெக்‌ஷனுக்கு 15 என்று வையுங்கள். எட்டுப் பேர், ஆளுக்கு 25,000. ஆண்டுச் சம்பளம் 24 லட்சம். எல்லோரையும் பட்டறையில் போட்டால் பிரீமியம் 12,000. எல்லோரையும் எரெக்‌ஷனில் போட்டால் 36,000. சைட்டுக்குப் போகும் இருவரை மட்டும் பிரித்துப் போட்டால் 18,000. ஜி.எஸ்.டி. தனி. சரியான தொகை மூன்றாவது. கொட்டேஷனில் பெரும்பாலும் வருவதோ முதல் இரண்டில் ஒன்று, ஏனென்றால் பிரித்து எழுத யாருக்கும் பொறுமை இல்லை. 12,000 என்று வந்தால் சந்தோஷப்பட வேண்டாம். ஒரகடத்தில் கூரை ஷீட் போடும்போது ஆள் விழுந்தால், "பாலிசியில் உயர வேலை இல்லையே" என்பதுதான் சர்வேயரின் முதல் வரியாக இருக்கும்.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் இந்த இன்சூரன்ஸுக்கு வேலைகளை வகைப்படுத்தும் என்.சி.சி.ஐ. என்ற அமைப்பின் நாலு இலக்க வகை எண் உண்டு. அலுவலக எழுத்தருக்கு 8810. அங்கே தொழிலாளியின் வேலையை விட நிறுவனத்தின் தொழிலைத்தான் முதலில் வகைப்படுத்துகிறார்கள். அந்த முறையில் குறை இருக்கலாம், ஆனால் எண்ணைக் காட்டி "இது தப்பு" என்று வாதாடலாம். இங்கே நமக்குக் கிடைப்பது ஏஜென்ட் அவசரத்தில் தட்டிய நாலு வார்த்தை.

அதில் மோசமான வார்த்தை 'ஹெல்பர்'. எதற்கு ஹெல்பர்? கிரைண்டிங்கா, லோடிங்கா, சாரத்தில் ஏறுவதா? "வெல்டிங் உதவியாளர், பட்டறைக்குள்" என்றும் "எரெக்‌ஷன் உதவியாளர், உயர வேலை உட்பட" என்றும் தனித்தனி வரியாகக் கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவேட்டிலும் அதே பெயர், அதே வேலை இருக்க வேண்டும். வேலையிடம் என்ற கட்டத்தில் பட்டறை முகவரி மட்டும் இருந்தால் போதாது. தமிழ்நாட்டில் எந்த சைட்டிலும் என்று சேர்க்க வேண்டும். கான்ட்ராக்டர் ஆட்கள் தானாகப் பாலிசிக்குள் வரமாட்டார்கள். ஆனால் சட்டப்படி அவர்களுக்கான பொறுப்பு, வேலையைக் கான்ட்ராக்ட் விட்ட முதன்மை முதலாளி மேலும் விழும். அவர்களையும் தனியாக அறிவிக்க வேண்டும். மருத்துவச் செலவு நீட்டிப்பும் அப்படித்தான், கேட்டால்தான் வரும்.

சம்பளத்தைக் குறைத்து எழுதச் சொல்வார்கள். உச்சவரம்பு 15,000தானே என்பார்கள். அந்த வரம்பு இழப்பீட்டுக் கணக்குக்கு மட்டும். பிரீமியத்துக்கு ஓ.டி. உட்பட முழுச் சம்பளமும் காட்ட வேண்டும். குறைத்துக் காட்டினால் கிளெய்மையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள்.

இ.எஸ்.ஐ.யில் (அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) இருப்பவரை இதில் சேர்ப்பது வீண் காசு. அவர் முதலாளியிடம் தனியாக இந்த இழப்பீட்டைக் கேட்க முடியாது. ஜூனில் சம்பளம் இ.எஸ்.ஐ. வரம்பான 21,000-ஐத் தாண்டினாலும் அந்த அரையாண்டு முடியும் செப்டம்பர் 30 வரை அவர் இ.எஸ்.ஐ.யிலேயே இருப்பார். அக்டோபர் 1 முதல் அவரைப் பாலிசியில் சேர்க்கும்படி எண்டார்ஸ்மென்ட் (பாலிசித் திருத்தம்) வாங்குங்கள். ஒரு நாள் இடைவெளி விட்டாலும் அந்த நாளில் அவருக்கு இ.எஸ்.ஐ.யும் இல்லை, பாலிசியும் இல்லை.

மதிப்பெண் கேட்டால் 5-க்கு 2. சேமிப்பும் உண்டு, பாதுகாப்பும் உண்டு. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் திருத்தி வாங்கிய விவரம் ரினியூவலில் மறுபடி "ஃபேப்ரிகேஷன், 8 பேர்" என்று சுருங்கி வந்து நிற்கிறது. அதற்கு மேல் கொடுக்க மனசு வரவில்லை. அடுத்த முறையும் இதைத்தான் எடுப்பேன்.

நண்பரே, ரேட்டை அப்புறம் பேசலாம். முதலில் அட்டவணைப் பக்கத்தை போட்டோ எடுத்து அனுப்புங்கள்.